வகையற்ற பாதையில் உளுந்து

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் வேப்பஞ்சாவடியில் ரோட்டைப் பற்றி யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. வீடுகளுக்கு நடுவில் போவது தெரு. வயலுக்குப் போவது வண்டிப்பாதை. பஸ் போவது மெயின் ரோடு. வயதானவர்கள் சிலர் அதையே டிரங்க் ரோடு என்பார்கள். துபாயிலிருந்து லீவில் வரும் பரங்கிப்பேட்டைக்காரர்கள் ஹைவே என்பார்கள். கண்டக்டர்களுக்கு அது வெறும் 'வளைவு'. ஆளுக்கொரு பேர் சொன்னாலும் எல்லாரும் ஒரே ரோட்டைத்தான் சொன்னார்கள். கேட்டவர்களுக்கும் புரிந்தது.

அந்த மெயின் ரோட்டில்தான் 2009 ஜனவரியில் ஒரு காலை நேரம் அன்பரசுவின் மனைவி ஜெயராணி இறந்தாள். எதிர்ப்பக்கம் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போக ரோட்டைக் கடந்தாள். வளைவில் லாரி வந்தது. இதற்கு மேல் அன்பரசு யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. வேதியியல் படித்துவிட்டுக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். முன்பும் அவன் பெரிய பேச்சுக்காரன் இல்லை. இப்போது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு சரி.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வளைவில் ஒரு வேகத்தடை. மகள் ஜான்சி அடுத்த வருஷம் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ரோட்டில் மேடு போட வேண்டுமென்றால் மண்வெட்டி போதும் என்று நினைக்கக்கூடாது. கடலூரில் நெடும்பாதைப் பெயரீட்டு வாரியம் என்று ஒன்று இருந்தது. எந்த ரோடு எந்த வகை என்று அந்த வாரியம் சொல்லாமல் எந்த ரோட்டிலும் ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் கல்லை எடுக்கவும் முடியாது. அன்பரசு மனுவோடு அங்கே போனான்.

வாசலில் குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எந்த ரோடு?"

"வேப்பஞ்சாவடி மெயின் ரோடு."

குமாஸ்தா பேனாவை மூடி வைத்தார். தலைக்கு மேலே இருந்த பலகையை விரலால் காட்டினார். 'இவ்வளாகத்தில் மெயின் ரோடு என்னும் சொல்லைப் பயன்படுத்துவது தவிர்க்கப்பட வேண்டும். ஆணைப்படி.'

"மெயின் ரோடுன்னு ஒரு ரோடு தமிழ்நாட்டுலயே கெடையாது தம்பி. தேசிய நெடுஞ்சாலை இருக்கு. மாநில நெடுஞ்சாலை இருக்கு. மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, ஒன்றியச் சாலை இருக்கு. இதுல ஒங்களுது எது?"

"பஸ் போற ரோடு."

"பஸ்சு அஞ்சுலயும்தான் போவும்."

"லாரி போற ரோடு."

"லாரி எங்கதான் போவல?" என்று குமாஸ்தா சலித்துக்கொண்டபோது அவருடைய செல்போன் அடித்தது. "ஆங், மெயின் ரோட்டுலயே நில்லு. பெட்ரோல் பங்க் எதிர்ல. நான் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்பரசு பலகையைப் பார்த்தான். குமாஸ்தாவும் பார்த்தார்.

"அது வீட்டுல பேசறது. வீட்டுப் பேச்சு வாரியத்துக்குக் கீழ வராது."

வாரியத்தின் கட்டடமே ரோடுகளின் தகுதிப்படி கட்டப்பட்டிருந்தது. தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு மேல்மாடியில், ஏசியோடு. அதற்குக் கீழ் மாடியில் மாநிலம். தரைத்தளத்தில் ஃபேனுக்கு அடியில் மாவட்ட முக்கியச் சாலை. வராந்தாவில் இதரச் சாலை. ஒன்றியச் சாலையைப் பார்க்கிறவருக்கு மாடிப்படிக்கு அடியில் இடம். அவர் எழுந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால் யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அதைத் திமிர் என்று சிலர் தப்பாக நினைத்திருந்தார்கள். மனுதாரர் மேலே ஆரம்பித்துத்தான் கீழே இறங்கி வர வேண்டும். கீழிருந்து மேலே போவது ரோட்டை அவமதிப்பதாகும்.

மேல்மாடி அதிகாரியின் பெயர் காசிநாதன். மனுவைப் படித்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வேகத்தடையா? தேசிய நெடுஞ்சாலையிலயா? என்ன படிச்சிருக்கீங்க நீங்க?"

"பி.எஸ்ஸி."

"பி.எஸ்ஸி. படிச்சவரு கேக்கற கேள்வியா இது? தேசிய நெடுஞ்சாலைன்னா என்ன? நாட்டோட ரத்தக்கொழாய். அதுல போயி யாராச்சும் கல்லு வைப்பாங்களா? எங்க ரோட்டுல வண்டி நிக்கக்கூடாது சார். மெதுவாக்கூட போவக்கூடாது. போய்க்கிட்டே இருக்கணும். எங்க போவுதுங்கறது எங்களுக்கு முக்கியமில்ல. போவுதா, அதான் முக்கியம்."

"வளைவு இருக்கு."

"தேசிய நெடுஞ்சாலையில வளைவு கெடையாது" என்றார் காசிநாதன். அதோடு நிற்காமல் வரைபடத்தையும் எடுத்து விரித்தார்.

அன்பரசுவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் வேப்பஞ்சாவடி வளைவை நிமிர்த்துவதற்காக ஊருக்கு மேற்கே நேராக ஒரு புது ரோடு போட்டார்கள். வாய்க்கால்வரை போட்டாயிற்று. வாய்க்கால்மேல் பாலம் கட்டவில்லை. ஆனால் புது ரோட்டுக்குத் தேசிய நெடுஞ்சாலை என்ற வகையை அப்போதே கொடுத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் இரண்டு தேசிய நெடுஞ்சாலை இருக்கக்கூடாது என்பதால், பழைய வளைவிலிருந்து அந்த வகையை நீக்கிவிட்டார்கள். ஆகவே நாட்டின் ரத்தக்குழாயில் நாலு வருஷமாக வெள்ளாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பஸ்ஸும் லாரியும் எந்த வகையிலும் சேராத ஒன்றின்மேல் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப வளைவு யாருது?" என்று அன்பரசு கேட்டான்.

"எங்களுது இல்ல. கீழ போய்க் கேளுங்க."

அவன் இறங்கினான். மாநிலத்தில், தேசியம் எங்களுக்கு எழுதித் தரவில்லை என்றார்கள். மாவட்ட முக்கியச் சாலையில் விருத்தாம்பாள் என்ற அம்மாள் இருந்தார். நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார்.

"நாங்க வாங்கிக்க முடியாது தம்பி. ரோடு எங்க கைக்கு வரணும்னா குண்டு குழி இல்லாம வரணும். பொண்ண அனுப்புறவங்க நகை நட்டோட அனுப்புற மாதிரி. அவுங்க குழியோட தள்ளிவிடப் பாக்கறாங்க. நாங்க ஏமாந்தவங்களா?"

"குழிய யார் மூடுவாங்க?"

"யாரோட ரோடோ அவுங்க."

"யாரோட ரோடு?"

"குழி மூடினதுக்கு அப்புறம் எங்களுது."

வராந்தாவில் இருக்க வேண்டிய இதரச் சாலைக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்தவர் மட்டும் மனுவை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, அந்த வளைவுக்கு 'வகையற்ற பாதை' என்று பெயர் என்றும், வகையற்ற பாதையில் இதுவரை ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை என்றும், அதனால் வேகத்தடைக்கு முகாந்திரம் இல்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என் மனைவி அங்கதான் செத்தாங்க."

"இருக்கலாம் சார். ஆனா அது சாலை விபத்துல சேராது. சாலை இருந்தாத்தான சாலை விபத்து?"

அன்பரசு அன்று நிறையக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தான். ரோட்டின் பெயரை எல்லா அறையிலும் கேட்டார்கள். ஜெயராணியின் பெயரை யாரும் கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் ஏறினான். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். வேப்பஞ்சாவடி வளைவு என்றான். கண்டக்டர் மறு பேச்சில்லாமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

மாதங்கள் போயின. அன்பரசு போய்க்கொண்டே இருந்தான். வாரியத்தில் அவனை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 'வளைவு வந்துட்டாரு' என்பார்கள். மனு மட்டும் நகரவில்லை. டிசம்பரில் ஒருநாள் குமாஸ்தா வாசலிலேயே அவனை மறித்துக் கையைக் குலுக்கினார்.

"ஒங்களத்தான் தேடிக்கிட்டிருந்தோம். தலைவரே ஒங்க பேரச் சொல்லியிருக்காரு. சிதம்பரத்துக்கு வந்துருங்க."

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'நெடும்பாதைச் சொற்கள்: நேற்று, இன்று, நாளை' என்று வாரியம் கருத்தரங்கம் நடத்தியது. மணமேடையில் பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் நாற்காலிகளில் வாரியத் தலைவர் கண்ணாயிரமும் காசிநாதனும் உட்கார்ந்திருந்தார்கள். அன்பரசுவின் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினார்கள். 'பொதுமக்கள் வழக்கு: மாதிரி' என்று அதில் இருந்தது. துணைக்கு வந்த ஜெயராணியின் தம்பி ராபர்ட் அதைப் படித்தான்.

"என்ன மாமா, ரேஷன் அரிசிக்கு வெக்கற மாதிரி சாம்பிள்னு வெச்சிருக்கானுவ?"

"உக்காரு மச்சான்."

கண்ணாயிரம் பேசினார். "பெரியோர்களே! ஒரு பாதையை மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதாலேயே அது பாதை ஆகிவிடுமா? ஆகாது! நாம் பெயரிட்ட பிறகுதான் அது பாதை. இந்த வாரியம் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்த இருபது ஆண்டுகளில் நாம் ஓர் அடி ரோடு போட்டிருக்கிறோமா? இல்லை! பெருமையோடு சொல்கிறேன், இல்லை! ரோடு போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரோடு என்றால் என்ன என்று யோசிக்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு குழி விழுந்தால் பாமரன் காலைப் பார்க்கிறான். நாம், அது எந்த வகைச் சாலையின் குழி என்று பார்க்கிறோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து மாதிரியை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் 'மெயின் ரோடு' என்று இயல்பாக ஒருமுறை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். வாரியத்தின் கூட்டம் என்பதால் அதற்குத் தனி அனுமதி வாங்கியிருந்தார்கள்.

"மெயின் ரோடு" என்றான் அன்பரசு.

பார்வையாளர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒருவர் இன்னொரு முறை, சற்று அழுத்தாமல், என்றார்.

"மெயின் ரோடு. வளைவுல ஒரு வேகத்தடை வேணும். குழந்தைங்க கடக்கறாங்க."

கண்ணாயிரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கேட்டீர்களா? ஸ்பீடு பிரேக்கர் என்று சொல்லவில்லை! வேகத்தடை! ஒரு சாமானியன் வாயில் எவ்வளவு அழகான சொல்!" மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அன்பரசு கைதட்டல் முடியும்வரை நின்று பார்த்தான். மறுபடியும் வேகத்தடை வேண்டும் என்றான். மறுபடியும் கைதட்டினார்கள். பிறகு சாப்பிடப் போகச் சொன்னார்கள்.

பந்தியில் சம்பா சாதமும் கொத்சும் போட்டார்கள். ராபர்ட் சாப்பிடாமல் இலையை மூடினான். அன்பரசு பரிமாறியதை எல்லாம் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கருத்தரங்கம் வீண்போகவில்லை. பிப்ரவரியில் வாரியத்து ஆட்கள் வளைவுக்கு வந்து பள்ளம் தோண்டினார்கள். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. இரண்டு இரும்புத் தூண் நட்டு, மேலே சுவர்போல ஒரு பலகையைப் பொருத்திவிட்டுப் போனார்கள். 'இது வகையற்ற பாதை. இதனை மெயின் ரோடு என அழைக்காதீர். நெடும்பாதைப் பெயரீட்டு வாரியம்.' பலகை வளைவின் உள்பக்கம் சரியாக உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் சிதம்பரத்திலிருந்து வரும் வண்டி அரைகுறையாகவாவது தெரியும். இப்போது பலகையைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

அன்பரசு கடலூருக்குப் போனான்.

"பலகை மறைக்குது."

"எழுத்து சரியாத் தெரியுதுல்ல?" என்றார் காசிநாதன்.

"எழுத்துதான் தெரியுது. வண்டி தெரியல."

"எழுத்தப் பாத்துட்டு ஜனங்க நிப்பாங்க சார். நின்னு படிப்பாங்க. படிக்கற நேரத்துல வண்டி போயிரும். இத யோசிச்சுத்தான் பெரிய எழுத்தா போட்டிருக்கோம்."

"எம் பொண்ணுக்கு இன்னும் படிக்கத் தெரியாது."

"பள்ளிக்கூடத்துல சேத்துட்டீங்கன்னா படிச்சிரும்."

ஏப்ரலில் உளுந்து அறுப்பு வந்தது. நெல் அறுத்த ஈரத்தில் தெளித்த உளுந்தை அந்தப் பக்கத்தில் யாரும் களத்தில் அடிப்பதில்லை. செடியோடு பிடுங்கி மெயின் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மிதித்துக் கொடுக்கும். சாயங்காலம் செடியை உதறி எடுத்து, உளுந்தைக் கூட்டித் தூற்றிக்கொள்வார்கள். செடி சக்கரத்தில் வழுக்கும் என்பதால் டிரைவர்கள் திட்டிக்கொண்டே மாட்டு வண்டி வேகத்தில் போவார்கள்.

ஜெயராணியின் அம்மா தனக்கோடி குத்தகை வயலில் விளைந்த உளுந்தை எப்போதும்போல் ஊருக்கு வடக்கே, வெயில் விழும் நேர் ரோட்டில் பரப்பியிருந்தாள். வேலைக்குப் போகப் பஸ் ஏறிய அன்பரசு முன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தான். டிரைவர் கியரை இறக்கினார். பஸ் ஊர்ந்தது. அன்பரசு எழுந்து விசிலடிக்கச் சொல்லி அங்கேயே இறங்கிவிட்டான்.

"என்ன மாப்ள, வேலைக்குப் போவல?" என்றாள் தனக்கோடி.

"அத்த, உளுந்த வளைவுல போடுங்க."

"வளைவுலயா? அங்க புளியமரத்து நெழலு. எப்பிடிக் காயும்?"

"காயலன்னா பரவால்ல. பலகைக்கு ரெண்டு பக்கமும் போடுங்க. மத்தவங்களையும் போடச் சொல்லுங்க. நானும் அள்ளியாறேன்."

ஒன்றேகால் வருஷத்தில் மருமகன் அவளிடம் சேர்த்துப் பேசியது அவ்வளவுதான். தனக்கோடி அவனைப் பார்த்தாள். பிறகு பலகை இருந்த திக்கைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "டேய் ராபர்ட்டு, கோணிய எடுத்தாடா" என்று குரல் கொடுத்தாள்.

மதியத்துக்குள் வளைவு முழுக்க உளுந்துச் செடி. பஸ்கள் ஊர்ந்தன. லாரிகள் ஊர்ந்தன. கிழவிகள்கூட வெற்றிலையை மென்றுகொண்டு நிதானமாக ரோட்டைக் கடந்தார்கள்.

மூன்றாம் நாள் வாரியத்தின் ஜீப்புகள் வந்தன. முதல் ஜீப்பிலிருந்து காசிநாதன் குதித்தார்.

"யாரு அது, எங்க ரோட்டுல உளுந்து போட்டது? பொதுச் சாலை ஆக்கிரமிப்பு. அபராதம் எழுதுறேன்!"

பின்னாலேயே விருத்தாம்பாள் மூச்சு வாங்க இறங்கினார். "சார், நீங்க எப்பிடி எழுதுவீங்க? இது மாவட்டத்துக்கு வர வேண்டிய ரோடு. அபராதம் எங்க கணக்குல வரணும்."

"குழியோட வாங்க மாட்டேன்னு சொன்னது யாரு மேடம்?"

"ரோட்டத்தான் வாங்க மாட்டேன்னேன். அபராதத்த இல்ல."

மாடிப்படிக்கு அடியில் இருந்தவரும் வந்திருந்தார். அவருக்கும் பங்கு உண்டு என்று தோன்றியிருக்க வேண்டும். வெட்டவெளியில் முதல்முறையாக நிமிர்ந்து நின்று, "ஒன்றியத்துக்கும் இதுல பாத்தியதை இருக்குங்க" என்றார். மூன்று பேரும் உளுந்துக்கு நடுவில் நின்று சண்டை போட்டார்கள். இருபுறமும் வண்டிகள் நின்றுவிட்டன.

செடி உதறிக்கொண்டிருந்த அன்பரசு அவர்கள் அருகே வந்தான்.

"யார் வேணா எழுதுங்க. நான் கட்டறேன். எழுதறவங்க இது எங்க ரோடுன்னு எழுதுங்க. நாளைக்கு அவுங்ககிட்ட வேகத்தடை கேக்கறேன்."

சண்டை நின்றது. காசிநாதன் பேனாவைப் பார்த்தார். விருத்தாம்பாள் ஜீப்பைப் பார்த்தார். மூன்றாமவர் பழக்கத்தில் மறுபடியும் குனிந்துகொண்டார்.

"வகையற்ற பாதையில உளுந்து காயப்போடறது ஆக்கிரமிப்புல வராதுன்னு நெனைக்கறேன்" என்றார் காசிநாதன் கடைசியில்.

"வராது சார், வராது" என்றார் விருத்தாம்பாள்.

"வந்ததுதான் வந்தீங்க, அப்பிடியே ரெண்டு சுத்து ஏத்திட்டுப் போங்க. காஞ்சது நல்லாத் தெறிக்கும்" என்றான் ராபர்ட்.

ஆனால் அரசாங்க ஜீப் சும்மா வந்துவிட்டுப் போக முடியாது. வந்த காரியம் என்று ஒன்றைக் காட்ட வேண்டும். வண்டியில் வேகம் அளக்கும் கருவி இருந்தது. காசிநாதன் அதை இறக்கி, பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, போகிற வருகிற வண்டிகளை எல்லாம் அளந்தார். அளந்து முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்பரசுவின் தோளில் கை போட்டார்.

"சார், ஒங்க மனு ரொம்ப நாளா கெடக்கேன்னு எனக்கே மனசுல ஒரு உறுத்தல். இன்னியோட முடிச்சிர்றேன். பாருங்க, ஒரு வண்டிகூட வேகமாப் போவல. சைக்கிள் முந்துது. அப்பறம் இங்க எதுக்கு வேகத்தடை?"

"உளுந்து இருக்கறதால மெதுவாப் போவுது."

"எதனால மெதுவாப் போவுதுங்கறது எங்களுக்கு முக்கியமில்ல. போவுதா, அதான் முக்கியம்."

வேகத்தடை தேவையில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். ஜீப்புகள் உளுந்தின்மேல் மெதுவாக ஏறி இறங்கிப் போயின. நன்றாகத்தான் தெறித்தது.

ஏப்ரல் கடைசியில் உளுந்து தீர்ந்தது. ஊரார் செடியை மாட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வளைவு சுத்தமாயிற்று. மறுநாளே லாரிகள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டன. கடலூர் வாசலில் குமாஸ்தா அன்பரசுவை உள்ளே விடவில்லை. முடிந்த மனுவுக்கு உள்ளே வழி கிடையாது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று விடிந்ததும் அன்பரசு மாமியார் வீட்டுக் கொட்டகைக்குப் போனான். மணி எல்லாம் உதிர்ந்து சருகாகிப்போன உளுந்துச் செடியை அள்ளிக் கோணியில் கட்டினான். மாட்டுக்கு வைத்திருந்தது. தனக்கோடி பார்த்துக்கொண்டு நின்றாள். மறு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இருவரும் வளைவில், பலகைக்கு இரண்டு பக்கமும், அதைப் பரப்பினார்கள். பள்ளிக்கூட மணி அடித்த பிறகு கூட்டி அள்ளினார்கள். சாயங்காலம் பிள்ளைகள் திரும்பும் நேரத்துக்குத் தனக்கோடி மறுபடி பரப்பினாள். மறுநாளும் அப்படியே.

ஒவ்வொரு நாளும் சக்கரங்கள் கொஞ்சம் சருகை எடுத்துக்கொண்டு போயின. காற்றும் எடுத்துக்கொண்டது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு கட்டு வந்து சேர்ந்தது. "ஐப்பசி மழையில என்னத்தப் பரப்புவீங்க மாமா?" என்று ராபர்ட் கேட்டான். அன்பரசு வந்த கட்டைப் பிரித்துப் பரப்பினான்.

ஒருநாள் காலை ஜான்சி புத்தகப் பையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தபோது சிதம்பரம் பஸ் சருகின்மேல் ஊர்ந்து வந்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சலிப்பான சலிப்பு.

"என்னா சார் இது, ஊரு ஒலகத்துல உளுந்து முடிஞ்சி மாசக்கணக்காவுது. ஒங்க ஊருல மட்டும் இன்னும் தீரல? இந்த வருசம் வெளைச்சல் அவ்ளோ ஜாஸ்தியா?"

அன்பரசு மகள் அந்தப் பக்கம் ஏறி, பள்ளிக்கூட வாசலுக்குள் போகும்வரை பார்த்தான்.

"ஜாஸ்திதான்" என்றான். "மெதுவாப் போங்க."